தங்கச் சங்கிலி என்று எழுதினேன்

டோர்ட்மண்டில் எங்கள் எதிர் வீட்டு அக்கா வேலைக்குப் போகும்போது தாலிக்கொடியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போவா. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கழுத்தில் ஒன்றும் தொங்கக் கூடாது. அவவும் அவவின் புருஷனும் நடத்திய கடை நொடித்துப்போய், கட்டாத வரிக்காக வரி அலுவலகத்து ஆள் வீட்டுக்கு வந்த அன்றும் கொடி அலுமாரியில்தான் கிடந்தது. நகை என்று பதிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கலியாண மோதிரத்தை இந்த நாட்டில் வரிக்காகப் பறிக்க முடியாது. தாலியும் அதுபோலத்தானே என்று வழக்குப் போடலாம். ஜேர்மன் தெரிந்தவள் என்று அக்கா என்னிடம் வந்தா. எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. வக்கீல் எதற்கு, நானே எழுதுகிறேன் என்றேன்.

எழுத உட்கார்ந்தால், தாலி என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. பெண்சாதியைக் கயிறு போட்டுக் கட்டுகிற கூட்டம் என்று நீதிபதி நினைப்பாரோ? பள்ளிக்கூட நாளிலிருந்தே அம்மாவின் பொட்டுக்கும், நான் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக்கும் விளக்கம் சொல்லிக் கூசிப்போனவள் நான். ‘குடும்பத்துத் தங்கச் சங்கிலி, இவருக்கு மிகவும் வேண்டியது’ என்று எழுதினேன். மிச்சத்தை விசாரணையில் வாயால் சொல்லலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

“எல்லாம் வடிவா எழுதிப்போட்டியே, பிள்ளை?”

“ஓம் அக்கா.”

அவ அப்படியே கையெழுத்து வைத்தா.

விசாரணைக்கு வரச்சொல்லி நாள் குறித்த டெர்மின் வரவேயில்லை. தீர்ப்புத்தான் வந்தது. அக்கா உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து தந்தா. சாதாரணச் சங்கிலிதான் என்பது மனுவிலேயே தெரிவதால், நேரில் கேட்டறிய ஒன்றுமில்லை, தாள்களைப் பார்த்தே தள்ளுபடி செய்கிறோம் என்றிருந்தது. கடைசிப் பக்கத்தில், நேரில் பேச விரும்பினால் ஒரு மாதத்துக்குள் கேட்கலாம் என்றும் இருந்தது.

கேட்டிருக்கலாம். கேட்டால், நான் முதலில் எழுதியது என்னவென்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். தீர்ப்பு இன்னும் வாசித்து முடியவில்லை என்று சொல்லி, அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன். மாதம் முடிந்தபின், “தோத்திட்டம் அக்கா, இனி ஒண்டும் செய்ய ஏலாது” என்றேன். அவ்வளவு கேவலமாக நான் வேறெங்கும் நடந்ததில்லை.

அடுத்து வந்த கலியாண வீட்டுக்கு அக்கா கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு வந்தா. பந்தியில் பக்கத்தில் இருந்தவ கொடி எங்கே என்று கேட்டா.

“அவங்கள் எடுத்திட்டாங்கள். இந்தப் பிள்ளை எனக்காக எவ்வளவோ எழுதிப் பாத்தவள், பாவம்” என்று சொல்லி, தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தா.

நான் அதைச் சாப்பிட்டேன்.