முருகேசுவின் கடை விளக்கு

சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் இரத்தினேஸ்வரியின் புருஷன் முருகேசு சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். தொண்ணூற்றிரண்டில் ஒரு பின்னேரம், ஆமியின் சுற்றிவளைப்பில் அவரைக் கொண்டுபோனார்கள். போகும்போது, "கடையிலை சாமிக்கு விளக்கைக் கொளுத்தி வையப்பா, வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் கொளுத்தி வைத்தாள். ஐந்து வருடமாக ஒரு பொழுதும் தவறவில்லை.

கரண்ட் கம்பிகள் அறுந்து கிடந்த காலம். மண்ணெண்ணெயும் கிடைப்பதில்லை. தோணிகள் வெளிச்சமில்லாமல் போய் வந்தன. மார்கழியில் ஒரு தோணி கல்லில் மோதியது. பக்கத்து வீட்டுச் சீதேவியின் புருஷன் தம்பு கடலோடு போனார். அதன் பிறகுதான் மீனவர் சங்கம், பற்றரிகளை ஓரிடத்தில் வைத்து எஞ்சினில் சார்ச் ஏற்றித் தோணிகளுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தது. இடம் பார்க்க பட்டணத்திலிருந்து ஸெய்னுதீன் வந்தார். பற்றரி வேலையில் ஊறின மனுசன். எல்லாரும் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றே கூப்பிட்டார்கள்.

சங்கக் கட்டடத்தின் சுவரில் மாரி வெள்ளம் முழங்கால் உயரத்துக்குக் கோடு போட்டிருந்தது.

"இஞ்ச தவளைக்குத்தான் பற்றரி விக்கலாம்" என்றார் ஸெய்னுதீன்.

கடைசியில் சீதேவி அவரை முருகேசுவின் கடைக்குக் கூட்டிவந்தாள். அவர் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். தண்ணீர் தேங்காமல் றோட்டுக்கு ஓடியது.

"காத்துப் போற வழியும் பாக்கணும். சந்தனக்குச்சி இருக்கா தங்கச்சி?"

இரத்தினேஸ்வரி சாமி விளக்கிலேயே பற்றவைத்துக் கொடுத்தாள். புகை நேரே ஏறி, ஓட்டுக்குக் கீழிருந்த இடைவெளியால் வெளியே போனது.

"ரியூப் ஒட்டுற பசை மணம் போகவெண்டு அவர்தான் அந்த இடைவெளி விட்டவர், நானா" என்றாள் பெருமையாக.

"இதவிட நல்ல இடம் இல்ல." அவர் பார்வை விளக்கில் நின்றது. "ஆனா இதுக்குள்ளயும் வாசல்லயும் நெருப்பு ஆகாது, தங்கச்சி. சார்ச் ஏறக்குள்ள ஒரு வாயு வரும். ஒரு பொறி போதும், வெடிச்சிரும்."

"சின்ன விளக்குத்தானே நானா?"

"சின்னதும் ஏலாது. வீட்டுல கொளுத்தலாமே?"

"கடையிலை கொளுத்தச் சொன்னவர். இஞ்சைதான் வருவார்."

ஸெய்னுதீன் வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மனசு இல்லாட்டி சொல்லுங்க. இடம் சரியில்ல எண்டு எழுதிக் குடுத்துட்டுப் போறன். ஆரும் உங்களக் கேக்கமாட்டாங்க" என்றார்.

இரத்தினேஸ்வரி சீதேவியைப் பார்த்தாள். சீதேவியின் நெற்றி வெறுமையாக இருந்தது.

"உனக்கு ஏலாட்டி விடடி" என்றாள் சீதேவி. "என்ரை மனுசனுக்கு இனி என்னத்துக்கு வெளிச்சம்?"

இரத்தினேஸ்வரி எழுந்து போய் வேலியில் ஒரு செவ்வரத்தம்பூப் பிடுங்கி வந்தாள். சாமி விளக்கை வாயால் ஊதுவது அவர்கள் வழக்கமில்லை. "அம்மாளாச்சி, அவர் சொன்ன சொல்லை மீறுறன். குற்றம் என்ரை. அவருக்கு ஒண்டும் வராமப் பாத்துக்கொள்ளு" என்று சொல்லி, பூவைத் திரியின் மேல் வைத்து அழுத்தினாள். மெல்லிய புகை எழுந்து அதே இடைவெளியால் போயிற்று.

மாசி பிறக்கத் தோணிகளில் வெளிச்சம் வந்தது. பொழுதுபட்டதும் இரத்தினேஸ்வரி மட்டும் பூட்டிய கடை வாசலில் வந்து குந்துவாள்.

"ஏனடி இருட்டுக்குள்ளை இருக்கிறாய்?" என்று சீதேவி ஒருநாள் கேட்டாள்.

"விளக்கைக் காணேல்லையெண்டு அவர் திரும்பிப் போயிட்டாரெண்டால்? நான் இருந்தால் கூப்பிடலாந்தானே."

சீதேவி சேலையை ஒதுக்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள்.