அப்பா எழுதாத பிராது

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் என் தந்தை இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தார். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பியூஸ் கட்டைகளின் ஓரப் பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்துச் சீராக்குவது அவர் பணி. தேய்க்கத் தேய்க்க அரிசிமாவைக் காட்டிலும் மெல்லிய வெண்தூள் எழும். அது புருவத்திலும் காது மடலிலும் படியும். அந்தத் தூளோடு அவர் ஒருநாளும் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. தொழிற்கூடத்தின் பின்புறக் குழாயடியில் குளித்து, வேறு சட்டை அணிந்து, நெற்றி நிறைய நீறு பூசிய பிறகே மிதிவண்டியில் ஏறுவார். வேலைச் சட்டையை அம்மாவிடம் துவைக்கக் கொடுக்கமாட்டார். தாமே அலசிப் பிழிந்து வேலியில் போடுவார். எங்கள்மீது படக்கூடாத ஒன்று தம்மீது மட்டும் படலாம் என்று எப்படி முடிவு செய்தார் என்பதை நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்கத் தோன்றிய காலத்தில் அவருக்குப் பேசுவதற்கு மூச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று காலை மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்விடுவார். அங்கே குடிகொண்டிருக்கும் முருகனிடம் மக்கள் வழக்குத் தொடுப்பார்கள். இன்னார்மீது இன்ன குறை என்று தாளில் எழுதி, சந்நிதியில் வைத்து வணங்கி, வெளியே முனியப்பர் முன்னுள்ள வேலில் கட்டிவிட்டு வருவார்கள். இதற்குப் பிராது கட்டுதல் என்று பெயர். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்புக் கிடைக்கும் என்பது நம்பிக்கை. எழுதத் தெரியாதவர்களுக்கு என் தந்தை ஒரு வேப்பமரத்தடியில் அமர்ந்து எழுதிக்கொடுப்பார். கூலி வாங்கமாட்டார். சிறுவயதில் சிலமுறை உடன் சென்றிருக்கிறேன். கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அவரிடம் எரிந்து விழுந்தது இன்னும் காதில் இருக்கிறது.

"என் கோழிய புடிச்சித் தின்னவ கை வெளங்காம போவணும்னு எழுதுங்கண்ணே."

"கை போயிட்டா அவ எப்படிம்மா கோழிய திருப்பிக் குடுப்பா?"

"தின்னதை எங்கண்ணே திருப்பிக் குடுக்கப் போறா?"

"வேற கோழி குடுக்கட்டும். கோழி வரணும்னு எழுதறேன். கைய வுட்டுரு."

"நீங்க அவளுக்குச் சொந்தமா?" என்று அவள் கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் கோழியை மட்டுமே எழுதினார். ஒருவருக்குத் தீங்கு வரவேண்டும் என்னும் சொல் அவர் எழுதிய எந்தப் பிராதிலும் இருந்ததில்லை. அப்படி எழுதியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியவர்களை வேறு ஆளிடம் அனுப்பிவிடுவார்.

இருமல் தொடங்கியபோது காசநோய் என்றார்கள். ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கினார். இருமல் குறையவில்லை, உடல்தான் குறைந்தது. பிறகு புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மருத்துவர், நோயைப் பற்றி ஒன்றும் கேட்காமல், என்ன வேலை என்று கேட்டார். சொன்னோம். நுரையீரல் முழுவதும் தூள் இறுகிவிட்டது என்றும், அதை எடுக்க வழியில்லை என்றும் சொன்னார். இத்தனை ஆண்டுகள் இன்ன வேலை செய்தார் என்று வேலை கொடுத்தவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிவந்தால், இது வேலையால் வந்த நோய் என்று தாம் எழுதித்தர முடியும் என்றார்.

முதலாளியிடம் நான் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார், டீ வரவழைத்தார்.

"தம்பி, உங்கப்பாவ நான் வேலையாளாவா பாத்தேன்? கூடப் பொறந்தவரு மாதிரி. ஆனா லெட்டருன்னா நாளைக்கு யாராவது வந்து கேப்பாங்க. ரிஜிஸ்டர்ல அவரு பேரே இல்லியே."

"இருபத்தாறு வருசம் வேல செஞ்சாருங்க."

"செஞ்சாரு. யாரு இல்லன்னது? காயிதத்துல இல்ல, அவ்வளவுதான். டீ ஆறுது பாருங்க."

நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அதை ஏன் குடித்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தாளையும் பேனாவையும் எடுத்து அப்பாவின் மடியில் வைத்தார்.

"ஊரு சனத்துக்கெல்லாம் எழுதினீங்களே, உங்களுக்குன்னு ஒண்ணு எழுதுங்க."

"யாரு மேல எழுதச் சொல்ற?"

"அந்தாளு மேலதான்."

"மூணு புள்ளைங்க படிச்சது அவரு குடுத்த வேலையிலதான். வேணும்னா தூளு மேல எழுதட்டுமா? களிமண்ணு மேல எழுதட்டுமா?" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்க நெடுநேரமாயிற்று. அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நானே எழுதினேன். பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவன், சொற்களுக்குப் பஞ்சமில்லை. என் தந்தை இருபத்தாறு ஆண்டுகள் இன்ன இடத்தில் இன்ன வேலை செய்தார், அங்கே எழுந்த தூளால் அவர் மூச்சு போய்க்கொண்டிருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள அந்த முதலாளி மறுக்கிறார் என்று தெளிவாக எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'என் தந்தை திணறுவதைப் போலவே அவரும் மூச்சுத் திணறவேண்டும்' என்றும் எழுதினேன். கோயிலுக்குப் போய் வேலில் கட்டிவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு மட்டுமே தெரியும். ஆனால் அம்மாவால் மறைக்க முடியவில்லை. கஞ்சி புகட்டும்போது ஆறுதலாகச் சொல்லிவிட்டார்.

"புள்ள கட்டிட்டு வந்துட்டான். இனிமே எல்லாம் கொளஞ்சியப்பரு பாத்துக்குவாரு."

அப்பா என்னை அழைத்தார். என்ன எழுதினாய் என்று கேட்டார். அவரிடம் மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறுதி வரியையும் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து நெடுநேரம் மூச்சைக் கூட்டிக்கொண்டார்.

"அவருக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுடா. தெரியுமில்ல?"

"தெரியும்பா."

"இந்த மூச்சு எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியும். இதை இன்னொருத்தருக்குக் கேக்கலாமா? நாளைக்கே போயி வாபஸ் வாங்கிட்டு வா. நீதான் போவணும். எழுதினவன்தான் வாங்கணும்."

போனேன். முனியப்பர் முன் நின்றேன். வேலைச் சுற்றித் தாள்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கின; என்னுடையது எது என்றுகூடத் தெரியவில்லை. கோயில் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னால் முடிந்துவிடும். ஆனால் போகவில்லை. என் தந்தை அங்கே உழைத்தார் என்றும், அந்தத் தூள்தான் அவரைக் கொல்கிறது என்றும் எழுதப்பட்டிருந்த ஒரே தாள் உலகத்தில் அதுதான். பதிவேட்டில் இல்லை, கடிதத்தில் இல்லை, மருத்துவரும் எழுதவில்லை. அதையும் நானே அழிக்கவேண்டுமா என்று நின்றேன். நின்றுவிட்டுத் திரும்பினேன்.

"வாங்கிட்டேம்பா" என்றேன்.

அவர் இரு கைகளையும் தலைக்குமேல் குவித்தார். பிறகு கஞ்சி கேட்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு முதன்முறையாக ஒரு டம்ளர் முழுவதையும் குடித்தார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இரண்டு நாள் அமைதியாக இருந்தார். மூன்றாம் நாள் காலையில் என்னைப் பார்த்து, "வாபஸ் சீட்டு குடுத்திருப்பாங்களே, அதைப் பூசையில வச்சிடு" என்றார்.

வாபஸ் வாங்கினால் சீட்டுத் தருவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாத நடைமுறை அந்தக் கோயிலில் ஒன்றும் இல்லை.

"சட்டப் பையில வச்சேம்பா. சட்டய தொவைக்கப் போட்டாச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று மாலை அவர் உதடுகள் ஓயாமல் அசைவதைக் கண்டேன். முருகன் பெயரைச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். காதை அருகில் வைத்துக் கேட்டேன். "அவரு வூட்டுல எல்லாரும் நல்லா இருக்கணும். அந்தப் பொண்ணுங்க நல்லா இருக்கணும். புள்ள தெரியாம எழுதிட்டான்." ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. அடுத்த சொல்லுக்கு மூச்சு வரும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். தண்ணீர் கேட்கவும் போதாதிருந்த மூச்சை எடுத்து, நான் கட்டிய ஒரு வரியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "பேசாதப்பா" என்று கெஞ்சினேன். அவர் நிறுத்தவில்லை.

விடிந்ததும் கோயிலுக்கு ஓடினேன். அலுவலகத்தில் இருந்தவர் விவரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"கொறை தீந்துடுச்சா சார்?"

"இல்லைங்க."

"அப்பறம் ஏன் வாபஸ்?"

"எங்கப்பா வாங்கச் சொன்னாரு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "வேப்பமரத்தண்ட உக்காந்து எழுதுவாரே, அவரு புள்ளையா? எப்படி இருக்காரு? ரொம்ப நாளா வரலியே" என்றார். நான் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் யாரும் இல்லை. மூச்சு மிகவும் திணறியதால் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மூக்கையும் வாயையும் ஆக்சிஜன் முகமூடி மறைத்திருந்தது. அவருடைய மூக்குக் கண்ணாடி வீட்டிலேயே தங்கிவிட்டது. சீட்டை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

"அப்பா, வாங்கிட்டேன். நெசமா வாங்கிட்டேன். இதோ பாரு."

அவர் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல இயலவில்லை. சீட்டிலிருந்த தேதியைப் படித்துக் காட்டினேன். அது அன்றைய தேதி. முன்பு சொன்னது பொய் என்பதற்கும் அதுவே சான்று. தலையசைப்பார் என்று காத்திருந்தேன். செவிலி வந்து நகரச் சொன்னாள்.

மறுநாள் பிற்பகலில் அவர் மறைந்தார். அதுவரை நான் அருகிலேயே இருந்தேன். நான் காட்டிய சீட்டை நம்பியிருந்தால், அந்த வேண்டுதலுக்கு அவருக்குத் தேவை இருந்திருக்காது. மூச்சைத் தமக்கென்று வைத்துக்கொண்டிருப்பார். முகமூடிக்குள்ளே அவர் உதடுகள் கடைசிவரை அசைந்துகொண்டே இருந்தன. குனிந்து குனிந்து கேட்டேன். காற்று போகும் ஓசை மட்டும்தான் கேட்டது.