பின் கதவுக் கீலும் நான் செய்த சுத்தமும்

சென்ற வியாழக்கிழமை, நான் செய்யாத ஒரு தவறு என் பெயரில் பதிவாகியிருந்ததைப் பார்த்தேன். ஒரு ஃபைலில் அல்ல... இருநூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களிலும் என் பெயர்தான்!

நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்பவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த இடத்துக்கு எந்தத் தகடு, எத்தனை மில்லி கனம், எங்கே வெல்டிங் என்று எல்லாமே கம்ப்யூட்டரில் இருக்கிறது. அளவை மாற்றினால் யார் சொன்னது, ஏன் என்று அந்த ஃபைலின் குறிப்பில் ஒரு வரி எழுத வேண்டும். இது எங்கள் வழக்கம். ஃபோர்மேன் சின்னுசாமி அண்ணனுக்கு டைப் அடிக்க வராது. அவர் சொல்வார், நான் அடிப்பேன்.

போன மாதம் எனக்கு ஒழுங்கு ஆசை வந்தது. 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'முதலாளி ஓகே' என்று கிடந்ததையெல்லாம் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? தளம், பக்கவாட்டு, பின் கதவு என்று புது ஃபோல்டர்கள் போட்டேன். ஒவ்வொன்றிலும் கடைசி வடிவத்தை மட்டும் காப்பி எடுத்து வைத்துவிட்டு, பழைய ஃபோல்டரை டெலீட் செய்தேன். அன்று டைரியில், 'மனம் லேசாக இருக்கிறது' என்று எழுதினேன்.

வியாழனன்று ஒரு லாரி திரும்பி வந்தது. பின் கதவின் கீல் பட்டையில் விரிசல். பத்து மில்லி இருக்க வேண்டிய தகடு எட்டு மில்லியாக இருந்தது. யார் குறைத்தது? முதலாளி, சின்னுசாமி அண்ணனைப் பார்த்தார்.

"நான் கொறைக்கலீங்க. எட்டு தாங்காதுன்னு அப்பவே சொன்னேனுங்க. அத இந்த அம்மிணிதான் எழுதுனாங்க."

ஏதோ அடித்த ஞாபகம் எனக்கும் இருந்தது. என்ன அடித்தேன் என்பதுதான் நினைவில்லை. ஃபைலைத் திறந்து, பழைய மாற்றங்களின் பட்டியலைத் தேடினேன். ஒரே ஒரு வரி. உருவாக்கியவர் — நான். தேதி — போன மாதம். மற்ற ஃபைல்களிலும் அப்படியே. காப்பி எடுத்தால் அளவு மட்டும்தான் வரும், அதன் பின்னால் இருக்கும் வருடங்கள் வராது என்பது அப்போதுதான் உறைத்தது.

"இதப் பாத்தா நீங்க கொறைச்சாப்ல இருக்குதுங்களே மேடம்?" என்றார் முதலாளி. வெல்டர்கள் சிரித்தார்கள்.

சின்னுசாமி அண்ணன் சிரிக்கவில்லை. கையுறைகளைக் கழற்றி என் மேஜை மேல் வைத்தார். "பதினெட்டு வருசமா வாரேனுங்க. நான் வேண்டாம்னு சொன்னதுக்கு இப்ப அத்தாட்சி இல்லீங்க. எம்பேருக்கு இந்தப் பழி வேண்டாங்க. நாளைக்கு நான் வரலீங்க."

டெலீட் செய்தவை முப்பது நாள் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் இருக்கும். டைரியைப் புரட்டினேன். அன்று இருபத்தெட்டாவது நாள்!

பழைய ஃபைல் மீண்டு வந்தது, தன் வரலாற்றோடு. பத்தை எட்டாக்கியவர் முதலாளி. குறிப்பு: 'வெயிட் குறையட்டும்.' அதன் கீழே நான் அடித்தது: 'எட்டு தாங்காது. பத்தே இருக்கட்டும் — சின்னுசாமி.'

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு கையுறைகளை எடுத்து சின்னுசாமி அண்ணனிடமே நீட்டினார். "நான்தான் சொல்லியிருக்கேன் போல... பத்தாவே வெட்டு சாமி." எட்டு மில்லியில் போன மற்ற வண்டிகளுக்கும் அப்போதே போன் பறந்தது.

சின்னுசாமி அண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டே என் பக்கம் குனிந்தார். "அம்மிணி, இதையும் எழுதிருங்க."

"எதைங்கண்ணா?"

"முதலாளி ஒத்துக்கிட்டத."

எழுதினேன். கடைசி வடிவம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். ஏன் என்று கேட்டால் பழையதுதானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது? அன்று மனிதர் ஒருவரின் பதினெட்டு வருடப் பெயர், நான் குப்பை என்று நினைத்த ஒரு வரியில் இருந்தது.

பழைய ஃபைல்களையெல்லாம் மீட்டு மறுபடியும் அடுக்கிவிட்டேன். இந்த முறை காப்பி இல்லை, அப்படியே இடம் மாற்றினேன்.

டைரியில் அந்த 'மனம் லேசாக' வரியை அடித்து நீக்கவில்லை. அதன் கீழே தேதி போட்டு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'அவசரப்பட்டேன்.'