மண்டபத்தில் நின்றுபோன ரயில்

கல்யாணமாகி நான்கைந்து மாதம் வரை நானும் என் கணவரும் தனியாக உட்கார்ந்து பேசியதில்லை. மதுரைப் பக்கம் அவனியாபுரத்தில் அவர்கள் வீட்டில் இரண்டே அறைகள். அதில் மாமனார், மாமியார், நாத்தனார்கள், கொழுந்தன். சோறு போட்டால் "போதும்" என்பார், பட்டறைக்குக் கிளம்பும்போது "வாரேன்" என்பார். அவர் குரலில் நான் கேட்டது பெரும்பாலும் அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆனி மாதம், எங்கள் இருவரையும் மாமியார் ராமேஸ்வரத்துக்கு அனுப்பினார். மகன் கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டது. சாமி கும்பிட்டு முடிக்கும் வரை கவிச்சி தொடக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்.

மண்டபத்தில் ரயில் நின்றுவிட்டது. பாம்பனில் காற்று பலமாம். அடங்கினால்தான் பாலத்தில் வண்டி விடுவார்களாம். கடலைத் தாண்ட அப்போது ரோடு கிடையாது. விசாரித்துவிட்டு வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டேஷனுக்கு வெளியே மணல் முகத்தில் அறைந்தது. எதிர்வீட்டு வாசலில் இடியாப்பம் விற்றுக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் அம்மா நான் கண்ணைக் கசக்குவதைப் பார்த்தார்.

"உள்ள வந்து உக்காருத்தா. இந்தக் காத்து இன்னைக்கு அடங்காது."

அப்படித்தான் அந்த வீட்டுக்குள் போனோம். வேண்டுதல் விஷயத்தை என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் இடியாப்பத்தில் தேங்காய்ப் பாலும் சீனியும் சேர்த்துக் கொடுத்தார். அடுப்பில் மீன் குழம்பு, அவர்கள் பேச்சில் ஆணம், கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காத மாதிரியே இருவரும் சாப்பிட்டோம்.

மத்தியானம் கடல் பார்க்கக் கிளம்பினோம். அங்கே நிலம் நாக்கு மாதிரி கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். தெற்கில் அலை இரைச்சலில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடைமரங்களுக்கு நடுவே நடந்து வடக்குக் கரைக்கு வந்தால், கண்மாய்த் தண்ணீர் போல அசையாமல் இன்னொரு கடல். அவரும் அன்றுதான் முதன்முதலில் கடல் பார்க்கிறார் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தார். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கரையேறி வந்து, நான் எதுவரை படித்தேன் என்று கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி. வரை என்றேன். டீச்சர் டிரெயினிங் போக ஆசைப்பட்டதையும், அதற்குள் கல்யாணம் பேசிவிட்டதையும் சொன்னேன். வெகுநேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இப்பவும் போகலாம்ல?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. காற்றின் மேல் பழியைப் போட்டேன்.

பொழுது சாய்ந்தும் வண்டி இல்லை. இரவு அந்த அம்மா வீட்டிலேயே தங்கினோம். சாப்பிட உட்கார்ந்ததும் அவரே அந்த அம்மாவிடம் மீன் கேட்டார். பாறை மீன். புளி குறைவாக, தேங்காய்ப் பால் சேர்த்த ஆணம். மதுரையில் நாங்கள் சாப்பிட்டதெல்லாம் ஐஸில் கிடந்த மீன்தான் என்று அன்று புரிந்தது.

மறுநாளும் காற்று அடங்கவில்லை. அவருக்கு லீவும் இல்லை. ஊருக்குத் திரும்ப பஸ் ஏறினோம். வழியில் ராமநாதபுரத்தில் இறங்கி அரண்மனையைப் பார்த்தோம். சுவர், கூரை என்று இடம் விடாமல் பழைய ஓவியங்கள். ஒவ்வொன்றையும் காட்டி அவர் பேசிக்கொண்டே வந்தார். மதுரை வரை அந்தப் பேச்சு நிற்கவில்லை.

வீட்டில் நான் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார்: "சாமி பாக்கலம்மா. மீனு சாப்பிட்டோம். நாந்தான் சாப்பிடச் சொன்னேன்."

மாமியார் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு, என்ன மீன் என்று கேட்டார்.

அடுத்த வருஷம் டிரெயினிங் சேர்ந்தேன். வீட்டில் அவர்தான் எனக்காகப் பேசினார். படிப்பு முடிந்து, சமயநல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தபின் மறுபடி ராமேஸ்வரம் போய், சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் மண்டபத்தில் இறங்கினோம். அந்த அம்மாவுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. காற்றில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் என்று சொல்லிப் பார்த்தோம்.

"இங்க எம்புட்டோ பேரு வருவாங்கத்தா" என்றார். "சாப்பிட்டீங்களா?"