கண்ணாடிக்குப் பின்னால் தூங்கியவர்

மெத்தைக் கடையில் அவருக்குத் தூங்குவதுதான் வேலை. கடையின் முகப்பில் பெரிய கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு கட்டில், கட்டிலில் அவர். காலையில் வந்து கோடு போட்ட பைஜாமாவை மாட்டிக்கொண்டு படுத்தாரென்றால், பேருந்து ஹாரனுக்கும் அசையமாட்டார், கண்ணாடியைத் தட்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அசையமாட்டார். எல்லோரும் அவரைத் தூங்குமூஞ்சி என்றார்கள். அவர் அதை ஏதோ பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார்.

நாற்பதைத் தாண்டிய பிறகு இடது தோளுக்குக் கீழே ஒரு வலி வந்தது. எலும்புக்குள் உட்கார்ந்து யாரோ நிதானமாகக் குடைவது மாதிரி. நடமாடும்போது அவ்வளவாகத் தெரியாது, படுத்தால்தான் உயிரை எடுக்கும். வீட்டில் தூக்கம் போனது. பிறகு கடையிலும் போனது. சம்பளம் வாங்கிக்கொண்டு விழித்திருக்கிறோமே என்று மனசு உறுத்த, கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தார்.

முதலாளி கண்டுபிடித்துவிட்டார். அவர் கவலை வேறு. அறைக் கதவைச் சாத்திவிட்டு, யார் கேட்டாலும் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னார். மெத்தையால் வந்த வலி என்று பேச்சு கிளம்பினால் கடையை மூட வேண்டியதுதான். பிறகு, நல்ல மனிதர், பஞ்சு, ரப்பர், ஸ்பிரிங் என்று மெத்தைகளை மாற்றிப் பார்த்தார். எல்லா மெத்தையிலும் வலி ஒரே மாதிரிதான் வலித்தது.

மனைவி தையலகத்தில் நாள் முழுக்கத் தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள். "படுத்துக் கிடக்கிற வேலைல கை வலியா? நியாயமா எனக்கில்ல வரணும்" என்றாள். அவளுடைய தம்பி கால்பந்துப் பயிற்சியாளன். சுளுக்கு என்று தீர்ப்பு சொல்லி, எண்ணெய் ஊற்றித் தினமும் பிசைந்தான். சில வாரத்தில் அந்த இடம் மேடிட்டது. "பாத்தீங்களா மாமா, சதை போடுது" என்று பெருமைப்பட்டுக்கொண்டான்.

ஒருநாள் அவருக்குச் சட்டை தைக்க அளவெடுத்தாள் மனைவி. இடது கை மட்டும் அளவு மிஞ்சியது. நாடாவைத் திருப்பிச் சுற்றிப் பார்த்தாள். தொட்டால் கெட்டியாக இருந்தது. அதற்கப்புறம் அவள் கேலி பேசவில்லை. மறுநாள் சாயங்காலமே ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வரை கை தாங்கவில்லை. மத்தியானம் கடைக் கட்டிலில் படுத்தபடி போர்வையை மேலே இழுத்தார், அவ்வளவுதான். உள்ளே மளுக்கென்று ஒரு சத்தம். அவர் அலறிக்கொண்டு எழுந்ததைப் பார்த்து, வெளியே நின்ற கூட்டம் புது விளம்பரம் என்று நினைத்துக் கைதட்டியது. அவர் கட்டிலிலிருந்து சரிந்தபோது இன்னும் பலமாகத் தட்டியது.

எப்படி ஒடிந்தது என்று எலும்பு டாக்டரம்மா கேட்டார். போர்வையை இழுத்ததாக இவர் சொன்னார்.

"போர்வைக்குள்ள யாராவது இருந்தாங்களா?"

"இல்லைங்க, நான் மட்டும்தான்."

எக்ஸ்ரே வந்ததும் டாக்டரம்மா முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வந்த அன்று மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"எலும்புலயே ஆரம்பிச்ச புற்றுநோய். அபூர்வமா வர்றதுதான். சாதாரண சுளுக்கு, ஓய்வு கொடுத்தா குறையும். இது படுத்தாலும் வலிக்கும், ராத்திரி எழுப்பிவிடும், வாரக்கணக்கா விடாது. வீக்கம் வரும். கட்டி எலும்பை அரிச்சிட்டா லேசா இழுத்தாலே ஒடியும். வலின்னாலே புற்றுநோய்னு அர்த்தமில்லை. ஆனா இப்படி வலிச்சா பிசையக் கூடாது, படம் எடுத்துப் பாக்கணும்."

நல்லவேளை, வேறு எங்கும் பரவியிருக்கவில்லை. மைத்துனன் வராந்தாவில் நின்று தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிசைந்ததால் வந்த நோயில்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் அவனுக்கு மனசு ஆறவில்லை. முதலாளி பழங்களோடு வந்து, கண் கலங்கி, நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார், மெத்தைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று. துளிகூடக் கிடையாது என்றார் டாக்டரம்மா. முதலாளி அவர் காலில் விழாத குறை.

கட்டியோடு அந்த எலும்பை வெட்டியெடுத்து, உலோகத்தால் செய்த எலும்பைப் பொருத்தினார்கள். கை பிழைத்தது, தோளுக்கு மேலே மட்டும் தூக்க வரவில்லை. சட்டை மாட்டிவிடும்போது மனைவி திட்டுவாள், அவருக்கு அது கேட்கச் சுகமாக இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை. அதற்கு முந்தைய நாள் இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

இரண்டாவது பரிசோதனையும் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் இருவரும் சினிமாவுக்குப் போனார்கள். வாசலில் காவலாளியின் உலோகச் சோதனைக் கருவி அவர் தோளருகே கத்தியது.

"உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"எலும்பு."

"வெளிய எடுத்து இந்தத் தட்டுல வைங்க சார்."

மனைவி விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. அப்படியே அது அழுகையானது, மறுபடியும் சிரிப்பானது. காவலாளி பயந்துபோய் ஒதுங்கி வழிவிட்டான். அவர் நல்ல கையால் அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.