மகளின் இயர்போனை நான் போட்டுக் கேட்டது

மகளின் இயர்போன் மூன்று வாரமாக என் அலுமாரிக்குள், நான் வீட்டில் உடுக்கும் சாரங்களுக்கு அடியில் கிடந்தது. அவள் அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. தன் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய ஒன்றைக் கேட்காமல் இருந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அவள் பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பின்னேரங்களில் காலி வீதிப் பெரிய ரோட்டில் பஸ்ஸுக்குள் நெரிபடாமல், கடற்கரை ரயில் பாதை வழியே வெள்ளவத்தைக்கு நடந்து வந்துவிடுவாள். இந்தப் பக்கத்தில் அப்படி நடப்பவர்கள் பலர். ரயில் எதிரே வரும் பாதையாகப் பார்த்து நடந்தால் பயமில்லை, கண்ணுக்கு முன்னால் தெரியும் என்பது எங்கள் கணக்கு. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பின்னேரம் மற்றப் பாதையில் திருத்த வேலை நடந்திருக்கிறது. கோட்டை ஸ்டேஷனிலிருந்து வந்த ரயிலை அவள் நடந்த பாதையில் மாற்றி விட்டிருக்கிறார்கள். அது அவளுக்குப் பின்னால் வந்தது. அவள் காதில் இந்த இயர்போன் இருந்தது. இறால் வடை விற்கும் ஒருவர் ஓடிப் போய் அவளுடைய பையைப் பிடித்து இழுத்து, கற்களின் மேல் விழுத்தினார். முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று.

அவரே வீடு வரை கூட்டிக்கொண்டு வந்தார். ரயில் விடாமல் ஹோர்ன் அடித்ததாகவும் தானும் கத்தியதாகவும், பிள்ளை திரும்பியே பார்க்கவில்லை என்றும் சிங்களத்தில் சொன்னார். மகள் இடையில் புகுந்து, ஹோர்ன் கேட்டது, விலகத்தான் போனேன், அதற்குள் இவர் இழுத்துவிட்டார் என்றாள். வடைக்காரருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. மகளுக்கு இருந்தது. இயர்போனை அப்போதே பறித்து வைத்துவிட்டேன். அன்றிலிருந்து ரயில் சத்தம் கேட்டால் என் கை தானாக எதையாவது பிடித்துக்கொள்கிறது.

அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போன ஞாயிறு காலையில் அதை வெளியே எடுத்தேன். கச்சான் கடலையைவிடச் சற்றுப் பெரிய இரண்டு உலோகக் குமிழ்கள். வயர் காதின் மேலால் சுற்றிப் பின்னால் இறங்குகிறது. முதலில் போட்டபோது தகர டப்பாவுக்குள் பாடுவது போல இருந்தது. இதற்கா இவ்வளவு காசு என்று ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது. பெட்டியில் இருந்த தாளை வாசித்த மனைவி, ரப்பர் மூடி காதை முழுதாக அடைக்க வேண்டுமாம், பெரியதை மாட்டிப் பாருங்கள் என்றாள். மாட்டினேன். மின்விசிறி நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

என் போனில் இருந்த ஒரு நாதஸ்வரப் பதிவைப் போட்டேன். முப்பது வருடமாக, கசட் காலத்திலிருந்து கேட்டு வருவது. வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்டது. தவில்காரரின் விரல் கூடுகள் தோலில் உரசுவது கேட்டது. இவ்வளவும் அந்தப் பதிவில் இருந்தவைதானா, இந்தக் குமிழ் தானாகச் சேர்க்கிறதா என்று நம்ப முடியவில்லை. மூன்று தரம் திருப்பிப் போட்டேன். அதே இடத்தில் அதே மூச்சு. தவிலின் அடி, மகளின் பழைய இயர்போனைப் போலத் தலைக்குள் இடிக்கவில்லை. வந்தது, நின்றது, மற்றதுக்கு இடம் விட்டது. உச்சத்தில் மட்டும் நாதஸ்வரம் காதைக் கொஞ்சம் கூச வைத்தது. அதையாவது ஒரு குறையாகப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு மனைவியையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மதில் கட்டின் மேல் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சத்தத்தை அளவாகத்தான் வைத்தேன். ரயில் வந்தாலும் என்னைத் தொடக்கூடாது, பார்த்துக்கொண்டு மட்டும் இரு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். சனம் பார்க்கிறது என்று அவள் முணுமுணுத்தாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை.

பதிவு முடிந்ததும் கழற்றிவிட்டு, "இன்னும் ரயில் வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு போயிட்டுது," என்றாள். "ரெண்டுக்கும் நீங்க தலையை ஆட்டிக்கொண்டு இருந்தீங்கள்."

கேட்காததைவிட, கேட்க வேண்டும் என்பதையே மறந்து போனதுதான் பயமாக இருந்தது. அந்த இருபது நிமிடமும் நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

பின்னேரம் மகள் வந்ததும் இயர்போனை மேசையில் வைத்தேன். கடற்கரையில் நடந்ததைச் சொன்னேன்.

"உனக்கு ஹோர்ன் கேக்கேல்லை, என்ன?"

வயரை விரலில் சுற்றினாள். "கேக்கேல்லை அப்பா. கேட்டது எண்டு சொன்னாலாவது நீங்க நித்திரை கொள்ளுவீங்கள் எண்டு நினைச்சன்."

"அப்பிடிச் சொல்லியும் மனுசன் நித்திரை கொள்ளேல்லை," என்றாள் மனைவி குசினியில் சமைத்தபடி.

திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். எதிரே வரும் பாதையில் நடந்தால் பயமில்லை என்று நான் சொல்லிக் கொடுத்தது பிழை என்று மட்டும் சொன்னேன். அவள் இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றாள். அந்த வாக்கையும் நான் முழுதாக நம்பவில்லை. வலப்பக்கக் குமிழை மெல்ல இழுத்தால் வயரிலிருந்து தனியாகக் கழன்று வரும் என்று அந்தத் தாளில் இருந்தது. இழுத்தேன். அதை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மற்றதை அவளிடம் நீட்டினேன்.

"ஒரு பக்கத்தில கேட்டா பாட்டுப் பாதிதான் அப்பா."

"மிச்சப் பாதியை வீட்ட வந்து கேள்."

சிரித்தாள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன்; வாங்கிக்கொண்டாள். இப்போது வேலைக்கு அந்த ஒற்றையோடுதான் போய் வருகிறாள், காலி வீதி பஸ்ஸில். வந்து செருப்பைக் கழற்றியதும் கையை நீட்டுவாள். நான் வலப்பக்கத்தைக் கொடுப்பேன்.

இவ்வளவு சுலபமாக எப்படி ஒத்துக்கொண்டாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மலிவான வேறொரு சோடி அவளுடைய பைக்குள் இருக்கலாம். அவள் குளிக்கப் போகும்போது அந்தப் பை சாப்பாட்டு மேசைக் கதிரையில் தொங்கும். பக்கத்தில்தான் நான் இருப்பேன். இன்றுவரை திறந்து பார்க்கவில்லை.