விமானத்தின் அடிப்பக்கம்

நான் முதன்முதலாக வயிறெரிந்து பொறாமைப்பட்டது யாருடைய சட்டையையோ சங்கிலியையோ பார்த்து அல்ல, ஒரு சண்டை விமானத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்து. விமானம் என்னுடையது. அடிப்பக்கம் மட்டும் அண்ணாவுடையது. இந்தப் பாகப்பிரிவினை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

லண்டனிலிருந்த மாமா, ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்ட பார்சலில் அது வந்தது. கொழும்பு வெயிலுக்கு அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை, அப்பாவுக்குச் சவர அலகுகள், எனக்கு ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் விமானம் துண்டு துண்டாக இருந்தது. நாமே வெட்டி ஒட்டிச் செய்ய வேண்டும். மாமா கல்யாணம் செய்யாதவர். பதினொரு வயதுப் பெண்பிள்ளைக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் கடைக்காரன் நீட்டியதை வாங்கியிருக்கிறார் என்றார் அம்மா. ஆம்பிளைப் பிள்ளைகள் இருக்கிற வீடு எதற்காவது கொடுத்துவிடலாம் என்று அவர் யோசனையும் சொன்னார். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி சாப்பிட வராமல் அடம்பிடித்ததால் அது என்னிடமே தங்கியது.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போதெல்லாம் மேசை அதிரும். ஒட்டி முடித்த விமானம் இரண்டு தீப்பெட்டிகளை நீளவாக்கில் வைத்த அளவுதான் வரும் என்றால், அதன் துண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விமானி உட்காரும் கதிரை ஒரு குத்தரிசி மணியளவு. அம்மாவின் புருவம் பிடுங்கும் இடுக்கியால் அதைத் தூக்கிய நேரம் கோச்சி வந்தது, கதிரை காணாமல் போனது. வீடு முழுக்கக் கூட்டி, குப்பையை மாவரிக்கும் அரிதட்டில் போட்டு அரித்து அதைக் கண்டுபிடித்தேன். அரிதட்டுக்காக வாங்கிய குட்டு தனிக்கதை. அதற்குப் பிறகு தூரத்தில் கோச்சி கூவினால் கையை எடுத்துவிட்டு, அது போய் முடியும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

நகவெட்டியால் வெட்டி, நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்து, தூரிகையில் நாலைந்து மயிரை மட்டும் விட்டு மிச்சத்தைப் பிடுங்கி, பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்து மேல்பக்கம் முழுக்கப் பச்சையும் மண்நிறமுமாகத் தீட்டினேன். கறுப்பு மையைத் தண்ணீரில் கலந்து, தகடுகள் சேரும் கோடுகளில் ஓடவிட்டேன். நான் பார்த்த விமானங்கள் எல்லாம் சுதந்திர தினத்துக்கு முதல் வாரம் காலிமுகத்திடலில் ஒத்திகை பறப்பவைதான். அவை கடலோரமாகச் சீறிக்கொண்டு போகும், நான் துள்ளித் துள்ளிக் கைகாட்டுவேன். அடிப்பக்கத்துக்குச் சாம்பல்நிறத்தை ஒரு பூச்சுப் பூசியதோடு விட்டுவிட்டேன். யார் அதைப் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

கடைசியில் ஒட்ட வேண்டிய நாட்டு அடையாளங்களைத்தான் அப்பா ஒட்டவிடவில்லை. அப்பா புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்காக இருந்தவர், எதையும் இரண்டு பக்கமும் யோசிப்பார். இந்த நாட்டு அடையாளம் போட்டால் யாழ்ப்பாணத்து ஆட்கள் வந்து பார்த்து என்ன நினைப்பார்கள், வேறு நாட்டு அடையாளம் போட்டால் பொலிஸ் வந்து பார்த்து என்ன நினைக்கும் என்று வாதாடி, ஒன்றுமே வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். விமானம் எந்த நாடும் இல்லாமல் கண்ணாடி அலுமாரிக்குள் போனது. அப்பா அதை ஒரு தடவை பார்த்தார். நல்லாயிருக்கு என்றார். பேப்பரை விரித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் வன்னியிலிருந்து பெரியம்மாவும் அண்ணாவும் வந்தார்கள். அண்ணா என்றால் பெரியம்மாவின் மகன், என்னைவிட நாலு வயது மூத்தவர். பெரியப்பா கனடாவில் இருந்தார். அவரிடம் போவதற்கு விசா வரும்வரை எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. என் கட்டில் அண்ணாவுக்குப் போனது. பொரித்த மீனின் நடுத்துண்டும் போனது. அண்ணா வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை, கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்தால் இந்த வீட்டில் அதற்குப் பெயர் முகத்தைத் தூக்கி வைத்திருப்பது. அவர் பேசாமல் இருந்தால், பாவம் பிள்ளை.

போதாததற்குப் பெரியம்மா அவருக்கு நீளக் காற்சட்டை போடவிடவில்லை. வளர்ந்த பையன், மீசை வேறு அரும்பத் தொடங்கியிருந்தது, அதையும் பெரியம்மா கிழமைக்கொரு தடவை அப்பாவின் லண்டன் அலகால் வழிக்க வைத்தார். அரைக் காற்சட்டையோடு அவர் ஹோலில் நடப்பதைப் பார்த்து நான் மட்டும்தான் சிரித்தேன். கீழ்மாடி வீட்டுப் பையனை விசாரணைக்கென்று கூட்டிப்போய்ப் பல மாதமாகியும் விடவில்லை என்று பெரியவர்கள் குசுகுசுத்தது என் காதிலும் விழுந்ததுதான். அதற்கும் இந்தக் காற்சட்டைக்கும் நான் முடிச்சுப் போடவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், அலுமாரி திறந்து கிடக்கிறது, அண்ணாவின் கையில் என் விமானம். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து பறிக்கப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, வந்த பிறகு என்னிடம் முதன்முதலாக ஒரு வசனம் பேசினார்.

“அடிப்பக்கம் பிழை.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் பிளேனை நேரில் பார்த்தவள், காலிமுகத்திடலில் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறவள் என்று கத்தினேன். அண்ணா விமானத்தின் அடிப்பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

“படுத்திருந்து பாத்தனியோ?” என்று கேட்டார்.

படுத்துக்கொண்டு யாராவது பிளேன் பார்ப்பார்களா? சரியான சோம்பேறி என்று நினைத்தேன். அதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என்னை ஏசாமல் பெரியம்மாவைப் பார்த்தார், பெரியம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அண்ணா விரும்பினால் அதை வைத்துக் கொஞ்சம் செய்யட்டும், நீ பொறு என்று எனக்குச் சொல்லப்பட்டது.

அன்றிலிருந்து என் மேசை அவருடையது. யோகட் கோப்பையின் பிளாஸ்ரிக்கை வெட்டி, எறும்பின் செட்டையளவில் இரண்டு துண்டுகள் செய்து, காற்று உறிஞ்சும் வாய்களுக்குப் பின்னால் ஒட்டினார். பெட்டியில் இருந்தது வன்னிக்கு மேலால் வரும் கிபிர் இல்லை, இது இருந்தால்தான் கிபிர் என்றார். தீக்குச்சியைத் தேய்த்து எண்ணெய்த் தாங்கிகள், பல்லுக்குத்தும் குச்சியின் நுனியில் குண்டுகள், குண்டு மாட்டும் கொளுக்கிகளுக்கு ஊசிமுனையால் துளைகள். வால்பக்கத்தில் புகைக்கரி எவ்வளவு தூரம் படிந்திருக்கும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. கோச்சி வந்தால் அவரும் கையை எடுத்துவிடுவார், அதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. நான் அவருடைய தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்து, எங்காவது பிழை பிடிக்கலாமா என்று காத்திருந்தேன். இது என்ன, அது என்ன என்று கேட்டுக் குடைவேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பெயர் சொன்னார். பிழை மட்டும் அகப்படவில்லை.

அண்ணா கதைக்கிறார் என்பதே வீட்டில் திருவிழாவாகிவிட்டது. அப்பா கந்தோரிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து அவருக்கு நீட்டினார். எனக்கு ஒரு நாளும் கொண்டுவந்ததில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு விமானத்தை அல்ல, அப்பாவைக் களவு கொடுத்ததுபோல இருந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வேலை முடிந்ததும் அண்ணா விமானத்தை அலுமாரிக்குள் குப்புறக் கவிழ்த்து வைத்தார், அடிப்பக்கம் மேலே தெரிய. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிமிர்த்தி வைப்பேன். திரும்பி வருவதற்குள் அது கவிழ்ந்திருக்கும். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆட்கள் எல்லாரும் தம்பி செய்ததா, என்ன கைவண்ணம் என்றார்கள். மேல்பக்கம் நான் செய்தது என்று சொன்னால், அப்படியா பிள்ளை என்று கன்னத்தைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, இடியப்பம் அவிந்துகொண்டிருந்த நேரம், செக்கிங் வந்தது. சீருடையில் இரண்டு பொலிஸ்காரர்கள், சாதாரண உடுப்பில் அவர்களுடைய பெரியவர். அப்பா பொலிஸ் பதிவுத் துண்டுகளைக் கொடுத்தார். பெரியவர் வாசித்துவிட்டு வன்னி என்ற இடத்தில் நிறுத்தி, அரைக் காற்சட்டையோடு நின்ற அண்ணாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவருடைய கண் அலுமாரிக்குப் போனது. விமானம் அப்போது கவிழ்ந்திருந்த முறை.

அவர் அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இது எங்கள் கிபிர் அல்லவா என்று சிங்களத்தில் சிரித்தபடி மற்றவர்களிடம் காட்டினார். ஏன் இதில் நாட்டின் அடையாளம் இல்லை, இது யாருடைய பிளேன் என்று அப்பாவைக் கேட்டார். இரண்டு பக்கமும் யோசிக்கிற அப்பாவுக்கு ஒரு பக்கத்திலிருந்தும் பதில் வரவில்லை. பெரியவர் தீக்குச்சித் தாங்கியை நகத்தால் தொட்டார். கொளுக்கி எங்கே, குண்டு எங்கே என்று எல்லாம் சரியாக இருக்கிறதே, இவ்வளவு சரியாக யாருக்குத் தெரியும் என்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

“மேக்க கவுத ஹெதுவே?” இதைச் செய்தது யார் என்று கேட்டார். கேட்டது அண்ணாவைப் பார்த்து.

எல்லாரும் போலத்தான் இவரும். வீட்டில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள், அவளிடம் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. அண்ணாவுக்குச் சிங்களம் தெரியாது. அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா வெளிறிப்போய் நின்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், இந்தா அண்ணாவின் பெயரைத்தான் சொல்லப்போகிறார் என்று எனக்குப் பட்டது. சீருடை போட்டவர்களுக்கு முன்னாலும் புகழ் அவருக்கே போகப்போகிறது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் கிளம்பியது. நான் அண்ணாவை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

“மம. ஒக்கோம மம,” என்றேன். நான்தான், முழுக்க நான். அதோடு நிறுத்த மனம் வரவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டேன். “எயா முகுத் தன்னே நெ.”

பெரியவர் என்னைப் பார்த்தார். நம்பவில்லை. குனிந்து விமானத்தை என் முகத்துக்கு நேரே பிடித்து, இது என்ன, இது என்ன என்று ஒவ்வொன்றாக விரலை வைத்தார். எண்ணெய்த் தாங்கி, கொளுக்கி, யோகட் கோப்பையில் வெட்டிய செட்டை, கரி படிந்த இடம் என்று நான் தங்குதடை இல்லாமல் ஒப்புவித்தேன். எட்டிப் பார்த்துப் பார்த்து எரிந்த நாட்களில் எனக்கு அத்தனையும் பாடமாகியிருந்தது. யார் சொல்லித்தந்தது என்று கேட்டார். லண்டன் மாமா அனுப்பியது என்று பெட்டியைக் கொண்டுவந்து காட்டினேன்.

கடைசியில் அவர் சிரித்துவிட்டார். இவளை விமானப்படையில் சேர்க்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்லி, என் தலையைத் தட்டி, விமானத்தை என் கையில் தந்தார். பதிவுத் துண்டுகளை அப்பாவிடம் கொடுத்தார். அவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

கதவைச் சாத்தியதும் எனக்கு அடி விழப்போகிறது என்று எதிர்பார்த்தேன். பொய் சொன்னதற்கு இல்லாவிட்டாலும் அண்ணாவைத் தள்ளியதற்காவது விழும். ஆனால் பெரியம்மா ஓடிவந்து என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்ர குஞ்சு, என்ர தெய்வமே என்று விம்மினார். அம்மா சுவரோடு சரிந்து தரையில் இருந்துவிட்டார். அப்பா என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

அண்ணா என் கையிலிருந்த விமானத்தை வாங்கி, நிமிர்த்தி, என் பச்சையும் மண்நிறமும் மேலே தெரிய அலுமாரிக்குள் வைத்தார். பிறகு அவர் அதைக் கவிழ்க்கவே இல்லை.

“ஓம். முழுக்க நீதான் செய்தனீ,” என்றார். அவருடைய கண்ணும் நனைந்திருந்தது.

எனக்குப் பெரிய திருப்தி. கடைசியில் எல்லாருமாக ஒத்துக்கொண்டார்கள். ஒரு பிளேனை நான் செய்தேன் என்று ஒத்துக்கொள்வதற்கு ஒரு வீடே இப்படி அழவேண்டுமா என்பது மட்டும் அப்போது விளங்கவில்லை.